நிக்க மாட்டேங்குற அம்பு

இப்ப விரலை வச்சுட்டு சும்மா இரு. நகத்தாத. சும்மா வை. பாத்தியா, பாத்தியா? அதுபாட்டுக்குத் திரையில ஓடுது பாரு அம்பு. மேல போச்சா? இப்ப அந்த மூலைக்குப் போகும். போய் எதையாவது திறந்து வைக்கும். திறந்துடுச்சா? ஆங். இதைத்தான் விவேக் நான் போன்ல சொன்னேன். நேர்ல பாத்தாத்தான் தெரியும். மது நம்பல.

சாக்ஸையும் கழட்டிட்டியா? நல்லதாப் போச்சு, ஈரத்தோட இருக்காத. கல்கத்தாவுல இந்த பெஹாலாப் பக்கம் இப்படித்தான், ஒரு மழைக்கே தெரு முழுக்கத் தண்ணி. அந்த ஜன்னல்ல காயப் போடு. தரை சில்லுன்னு இருக்கும், பழைய வீடு, சிவப்பு சிமென்ட்டு, மழைக்காலம் வந்தா பனிச்சுக்கிட்டே கிடக்கும். நான் அதனாலதான் வீட்டுக்குள்ளயும் ரப்பர் செருப்பு போட்டுக்கறது. உனக்கு ஒரு ஜோடி தரட்டுமா? வேண்டாமா? சரி.

அந்த டப்பாவை அப்படியே அலமாரி மேல வச்சுடு. இல்ல இல்ல, இப்பப் பிரிக்காத. புது லேப்டாப்பு நல்லாத்தான் இருக்கும், யாரு இல்லங்கறா. மது வாங்கித் தந்திருக்கா, கனடாவுல உக்காந்துக்கிட்டு இங்க உனக்குச் சொல்லி, நீ ஆபீஸ் லீவு நாள்ல தண்ணிக்குள்ள நடந்து தூக்கிட்டு வந்திருக்க. பழசை எடுத்துட்டுப் போயிடுன்னும் சொல்லியிருக்கா, இல்ல? எனக்குத் தெரியும். அப்பா கேட்டா ஒத்துக்க மாட்டார், நீ பேசாம பைல போட்டுக்கன்னிருப்பா. அவ குணம் எனக்குத் தெரியாதா. ஜாதவ்பூர் யுனிவர்சிட்டில அவகூடப் படிச்ச உனக்கும் தெரியும்.

நான் சண்டை போடல தம்பி. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். மது கூப்பிடறதுக்குள்ள நீ ஒரு தடவை பாரு. சரியாச்சுன்னா இது இங்கயே இருக்கட்டும், டப்பாவை நீ திருப்பிக் கொடுத்துடு. சரியாகலன்னா எடுத்துட்டுப் போ. நான் வாயே திறக்க மாட்டேன்.

ஏன்னா அவ என்ன நினைச்சுக்கிட்டிருக்கா தெரியுமா? நான்தான் வேணும்னு கட் பண்றேன்னு. கூப்பிட்டா இதுல ரெண்டு பொத்தான் வரும். பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு, பக்கத்துல பக்கத்துல. நான் பச்சைக்குத்தான் போறேன். அம்பு நேரா சிவப்புல போய் உக்காருது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இதே கூத்து. அவ மறுபடி கூப்பிடறா, மறுபடி சிவப்பு. அப்புறம் போன் போட்டு, அப்பா உங்களுக்குப் பேசப் புடிக்கலன்னா சொல்லிடுங்கன்னு அழறா. நான் என்னத்தச் சொல்ல. புடிக்கும்மா, அம்பு நிக்க மாட்டேங்குதுன்னேன். சொல்லிப் பாரேன் நீ, எப்படி இருக்குன்னு.

உன்கிட்டயும் சொன்னாளா? அப்பா சரியில்லன்னா? ம். இருக்கும்.

நான் சரியாத்தான் இருக்கேன். சமைக்கறேன், சாப்பிடறேன், பேப்பர் படிக்கறேன். மதுவோட அம்மாவைக் கொண்டு போனப்ப நீதான் கூட இருந்தியே சிரிட்டி சுடுகாட்டுல, பாத்தியே. நான் ஒண்ணும் பண்ணலியே. எல்லாருக்கும் டீ கிடைச்சுதான்னுதான் கேட்டுக்கிட்டிருந்தேன். அப்ப எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கேன்.

என்ன பண்ணற, டிரைவரா? அதை அழிச்சுட்டு மறுபடி போட்டாச்சு. நானே போட்டேன். சிரிக்காத. துறைமுக ஆபீஸ்ல முதல் முதலா கம்ப்யூட்டர் வந்தப்ப அதுக்குத் துணி போத்தி சாமி மாதிரி வச்சிருந்தாங்க. ஸ்டோர்ஸ்ல ஒருத்தனும் கிட்டப் போகல. நான்தான் காலேஜ் தெருவுல பழைய புஸ்தகம் ஒண்ணு வாங்கிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்துல உக்காந்து உக்காந்து கத்துக்கிட்டேன். அதனால டிரைவர்னா பஸ் ஓட்டறவன்னு நினைக்கற ஆளு இல்ல நான்.

ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சும் பாத்தாச்சு. விரல்ல பவுடர் போட்டும் பாத்தாச்சு. கல்கத்தா வேர்வைக்கு எந்த மிஷின்தான் தாங்கும்னு ஒருத்தர் சொன்னார், அதுக்காக. ஒரு நாள் குளிர்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்தப்பவும் ஓடிச்சு. அப்ப வேர்வை இல்லன்னு ஆச்சு.

சாந்தினி மார்க்கெட்டுக்கும் தூக்கிட்டுப் போனேன். அதைக் கேளு. கடைல வச்சா சமத்தா நிக்குது. அந்தப் பையன் என்னை ஏற இறங்கப் பாக்கறான். காக்கு, நல்லாத்தானே இருக்குன்னான். சரின்னு வீட்டுக்குக் கொண்டாந்தேன், ஆட்டம். மறுபடி போனேன், சமத்து. கடைசில என் தொல்லை தாங்காம விரல் வைக்கற அந்தச் சதுரத்தையே கழட்டிட்டுப் புதுசு போட்டான். வீட்டுக்கு வந்தேன், பழைய ஆட்டமே. மேல வீட்டு வங்காளி அம்மா, பௌதி, என்ன சொன்னாங்க தெரியுமா? விஸ்வகர்மா பூஜைக்கு வத்சலா தீதி இதுக்கு வருஷா வருஷம் பொட்டு வைப்பாங்களே தாதா, இந்த வருஷம் யார் வைக்கப் போறா, அதுக்கும் தெரிஞ்சு போச்சுன்னாங்க. பூஜைக்கு இன்னும் நாள் கிடக்கு, முன்னாடியே கோவிச்சுக்கிச்சான்னு கேட்டேன். அவங்க உள்ள போயிட்டாங்க.

மவுஸா? மவுஸ் வச்சுக்கிட்டு இதை அடைச்சுடலாம், தெரியும். சாந்தினிக்காரனும் அதான் சொன்னான். அது சரி பண்ணறது இல்லப்பா. வாயைக் கட்டி விடறது. ஏன் ஓடுதுன்னு தெரியணும் எனக்கு. நல்லா இருந்த சாமான்தானே இது.

எப்பலேர்ந்தா? சரஸ்வதி பூஜை சமயம். தெருவுல மைக்கு போட்டுப் பாட்டு அலறிக்கிட்டிருந்தது. அன்னிக்குத்தான் முதல் தடவை மது கூப்பிட்டு நான் தனியா எடுக்கப் போனேன். ஆமா, அதுக்கு முந்தின மாசம்தான் வத்சலா போனா. மதுகிட்டப் பேச மட்டும்தான் இதைத் திறக்கறது, அதுவரைக்கும் ஒரு நாள்கூட ஓடினது இல்ல.

ஐயையோ, ஒயரை எடுக்காத! பாத்தியா, அணைஞ்சுடுச்சு. பேட்டரி செத்துப் போய் ரொம்ப நாளாச்சு. ஒயர்லதான் ஓடும். மறுபடி சொருகு. இல்ல, நேராப் போகாது, அந்தக் கட்டையைச் சேத்துச் சொருகு. இந்த வீட்டுல எங்க பாத்தாலும் ரெண்டு ஓட்டைதான். மூணு முனையை உள்ள விட முடியாது, அதுக்குத்தான் அந்தக் கட்டை. வீட்டுக்காரர் அப்பா காலத்து ஒயரிங்கு. விளக்கு எரியுது, காத்தாடி சுத்துது, போதாதான்னு கேப்பார்.

ஏன், அதை ஏன் அப்படிப் பாக்கற? சரி சரி, பாரு.

தலகாணி எதுக்கா? அதை எடுத்தா திரை மல்லாந்துடும். கீலு ரெண்டும் தளர்ந்து போச்சு. எடுத்துப் பாரு, அப்படியே பின்னால படுத்துக்கும். சாந்தினிக்காரன் கீலு மட்டும் தனியா வராது, மூடியோட சேத்து மாத்திடலாம்னான். வேண்டாம்னுட்டேன். மூடி நல்லாத்தான இருக்கு, எதுக்கு மாத்தணும்? பெயின்ட்டு போனா என்ன, பின்பக்கத்தை யாரு பாக்கப் போறா.

முன்ன தலகாணியெல்லாம் இல்ல. வத்சலா பிடிச்சுப்பா. மது கூப்பிடற சத்தம் கேட்டா, கழுவற பாத்திரத்தைப் போட்டுட்டு, ஈரக் கையை முந்தானையில தொடைச்சும் தொடைக்காமலும் ஓடி வந்து, பின்னால நின்னு மூடியைப் பிடிச்சுப்பா. நான் இங்க உக்காந்து அம்பை நகத்துவேன். முன்னால வாடி, மூஞ்சியக் காட்டுன்னா வர மாட்டா. அந்தக் கண்ணாடில என் மூஞ்சி பூசணிக்கா மாதிரி தெரியுதுன்னுவா. அங்கேருந்தே கத்திக் கத்திப் பேசுவா. ரசத்துக்கு என்ன போட்ட, மாப்பிள்ளை ரஞ்சன் சாப்பிட்டாரா, தலைக்கு எண்ணெய் வச்சியான்னு. அந்தப் பக்கம் மது, அம்மா, அப்பாவோட மூக்கு மட்டும்தான் தெரியுது, கொஞ்சம் முன்னால சாய்ச்சுப் பிடிம்மான்னு சிரிப்பா. இவ சாய்ப்பா. இப்ப நெத்தி மட்டும் தெரியுதுன்னுவா. இப்படியே பாதி நேரம் போயிடும்.

இதைப் பிடிச்சா கையைக் கடிக்குதுன்னு சொல்லுவா. எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். ரெண்டு மணி நேரம் நீ நிறுத்தாமப் பேசினா அதுக்கும் கோவம் வராதான்னு நான் சொல்லுவேன். செருப்புப் போட்டுக்கோடின்னும் சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டா. வீட்டுக்குள்ள செருப்புப் போட்டா அவளுக்கு ஆகாது. என்னோடதைப் பாத்தாலே முகத்தைச் சுளிப்பா.

உனக்கும் கடிக்குதா? எங்க, மூடியையா பிடிச்சிருக்க? அது அப்படித்தான். பயப்படாத, சாகடிக்கற கரண்ட்டு இல்ல. என்ன, விரலை வைக்கணுமா? வச்சேன். வச்சுட்டேன்.

நிக்குது.

விவேக், நிக்குது. இரு, நகத்திப் பாக்கறேன். சொன்ன எடத்துக்குப் போகுது. பச்சைக்குப் போகச் சொன்னா பச்சைக்குத்தான் போகும் போலிருக்கு. என்ன பண்ணின? ஒண்ணும் பண்ணலியா? கையை எடு பாக்கலாம். நான் தாங்கிக்கறேன் திரையை, தலகாணியை வச்சுக்கறேன். ஆ. ஓடுது. மறுபடி பிடி. இல்ல, இன்னும் ஓடுதே. அங்க இல்ல, முன்ன எங்க பிடிச்சிருந்த? கொஞ்சம் மேல. இடது பக்கமா. இன்னும் கொஞ்சம்.

நின்னுடுச்சு.

பெயின்ட்டு தேய்ஞ்ச எடத்துல பிடிச்சாத்தான் நிக்குதா. சரி. அங்க மட்டும் உலோகம் வெளில தெரியுது, ஆமா, எனக்குத் தெரியும். கட்டை விரல் அகலத்துக்கு.

சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எர்த்து இல்ல. மூணாவது முனைதான் எர்த்து, அது கட்டையோட நின்னு போச்சு. அதனால இதுக்குள்ள கரண்ட்டு போக வழி தெரியாம அலையுது, அம்பும் அலையுது. கடைல மூணு ஓட்டை, அங்க நின்னுது. இங்க ஒரு ஆளு வெறுங்கால்ல ஈரத்தரையில நின்னு இரும்பைத் தொட்டா, அந்த ஆளு வழியா எறங்கிடுது. அவ்வளவுதானா? டிரைவர் இல்ல, சதுரம் இல்ல, ஒண்ணும் இல்ல.

அப்ப இதுக்கு எந்தக் காலத்துலயும் கோளாறு இல்ல. இல்ல, கோளாறு எப்பவும் இருந்திருக்கு. ரெண்டுல எது சொல்றதுன்னு தெரியல.

ஒரு ஒயர் இழுத்தாப் போதுமா? குளிக்கற ரூம் குழாய்ல கட்டக் கூடாதா, எலக்ட்ரீஷியனை வச்சு ஒழுங்காப் பண்ணணுமா? பண்ணிடலாம். வீட்டுக்காரர்ட்ட சொல்றேன். ரெண்டு நாள் வேலைன்னா ரெண்டு நாள் வேலை. அப்ப டப்பாவைத் திருப்பிக் கொடுத்துடுவ, இல்ல? பேச்சு பேச்சுதான்.

டீ போடறேன் இரு. லெபு சா பிடிக்குமில்ல உனக்கு? எலுமிச்சம்பழம் இருக்கு, காலைலதான் பௌதி ரெண்டு கொடுத்தாங்க. கறுப்பு உப்பு எங்க வச்சேன்னுதான்...

கூப்பிடறா. சத்தம் வருது பாரு, மதுதான். நீ நகராத. அப்படியே நில்லு. கால் தரையில இருக்கில்ல? இரு, நான் எடுக்கறேன். போ, பச்சைக்குப் போ. போயிடுச்சு.

ஆங், மதும்மா. அப்பாதான். தெரியறேனா? ஆமா, முதல் தடவையே எடுத்துட்டேன். இல்லம்மா, இன்னும் பழசுதான், புதுசைப் பிரிக்கல. விவேக் வந்திருக்கான், பின்னால நிக்கறான். மூக்கு மட்டும் தெரியுதா? விவேக், கொஞ்சம் முன்னால சாய்ச்சுப் பிடி. கையை மட்டும் மாத்திடாத, அந்த எடத்துலயே இருக்கட்டும்.

ஆமாம்மா, சரியாயிடுச்சு. என்ன கோளாறா? ஒண்ணும் இல்ல. இத்தனை நாளும் அம்மா பிடிச்சுக்கிட்டு நின்னதாலதான் ஓடாம இருந்திருக்கு. அவ்வளவுதான்.

நீ சொல்லு. அங்க குளிர் ஆரம்பிச்சாச்சா?