விஜயலெட்சுமிக்குச் செய்த இரண்டு பக்கங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தை முழுசாக ஒரே படத்தில் நிறுத்துவது லேசான காரியம் இல்லை, தலைவரே. அப்பன் கொழும்பில் ஏதோ கடையில் நிற்பான். அம்மா வெளிநாட்டில் யாருடைய பிள்ளைக்கோ தலை வாரிக்கொண்டிருப்பாள். மூத்தவன் கோபித்துக்கொண்டு அப்புத்தளையில் மாமன் வீட்டில் கிடப்பான். அதனால்தான் என் தொழில் ஓடுகிறது. தேத்தண்ணி ஆறுவதற்குள் குடியுங்கள். நீங்கள் எதைக் கேட்க வந்தீர்கள் என்று தெரியும். ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் மகள் றொஷேல் கல்யாணமாகிப் போகும்போது பழைய லெப்டொப் ஒன்றை விட்டுவிட்டுப் போனாள். அதில்தான் குடும்ப அல்பம் செய்யப் பழகினேன். ஆளைச் சுற்றி வெட்டியெடுக்க வேண்டும். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாருக்கும் இடது பக்கம் நிழல் விழ, ஒருத்திக்கு மட்டும் வலது பக்கம் விழுந்தால் ஊர் சிரிக்கும். பின்னால் பூ, வண்ணத்துப்பூச்சி, பிள்ளையின் பெயர். பதுளை டவுனில் அச்சடித்து, தடித்த அட்டை போட்டுக் கொடுப்பேன்.

படம் தேர்ந்தெடுக்க வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். நான் எதையும் துருவிக் கேட்பதில்லை. "இது யாரு?" என்று மட்டும் கேட்பேன். அதற்குப் பதில் முடியும்போது இருட்டியிருக்கும். நாலு வாசல் தள்ளி இருக்கிற கணபதியின் அக்கா பெரியாயி ஒருமுறை தன் மருமகளைச் சுட்டிக்காட்டி, "இவ மூஞ்சிய மட்டும் கொஞ்சம் மங்கலாக்க முடியுமா மலரு?" என்று கேட்டாள். மங்கலாக்கினேன். ஒரு வீட்டைப் பற்றி இதைவிட வேறென்ன தெரிய வேண்டும்? அதனால் அற்புதமலர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பெயர் எனக்கு வந்துவிட்டது. நானாகத் தேடிக்கொண்ட பெயர் இல்லை.

கணபதியின் சம்சாரம் விஜயலெட்சுமியும் என்னிடம் வந்தவள்தான். சவூதிக்குப் போகிற வாரம், புருஷனோடும் மகள் யசோதினியோடும் நிற்கிற படம் ஒன்றைப் பைக்குள் வைக்கிற அளவில் கேட்டாள். பூப் போட்டுச் செய்து கொடுத்தேன். இரண்டு வருஷம் ஒழுங்காகப் பேசினாள். பிறகு போன் நின்றுவிட்டது. கணபதி ஏஜென்சிக்கு அலைந்தான். அங்கே கதவு பூட்டிக் கிடந்தது.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். "இத்தன மாசமா பேச்சுமூச்சு இல்லன்னா, ஆளு இருக்காளோ என்னவோ." அவ்வளவுதான். அது மேல் லயத்து வீடுகளுக்கு ஏறி, தேயிலை ஸ்டோர் வரைக்கும் இறங்கி, திரும்ப என் வாசலுக்கே வந்தது. வரும்போது அதற்குக் கை கால் முளைத்திருந்தது. ரியாத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பிணம் கிடக்கிறதாம், பேப்பர் இல்லாததால் அனுப்ப மாட்டேன் என்கிறார்களாம். பெரியாயி மூச்சு வாங்க ஓடிவந்து, "மலரு, ஒனக்கு எதாச்சும் காதுல விழுந்துச்சா?" என்றாள்.

"நானும் கேள்விப்பட்டேன் அக்கா" என்றேன்.

பொய் இல்லையே. கேள்விப்பட்டேன்தானே.

அந்தச் சமயத்தில்தான் யசோதினி பெரிய பிள்ளையானாள். சடங்கு அல்பம் என் கைக்கு வந்தது. முதல் பக்கத்தில் தாய் இருந்தாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்களை நான் வெட்டியெடுத்து, பிள்ளைக்குப் பக்கத்தில், கூடவே நின்ற மாதிரி ஒட்டிவிடுவேன். செத்தவர்களை அப்படி ஒட்டுவதில்லை. அவர்களுக்கு மேலே தனியாக ஒரு பிரேம், பிரேமுக்கு மாலை, கீழே குத்துவிளக்கு. யாரும் சொல்லித்தந்த முறை இல்லை. ஆனாலும் லயத்தில் ஒரு சின்னப் பிள்ளைகூடப் பக்கத்தைப் பார்த்ததும் ஆள் எங்கே என்று சொல்லிவிடும்.

விஜயாவை பிரேமுக்குள் போட்டேன். மாலையும் போட்டேன்.

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். நாங்கள் வேதக்காரர்கள். எங்களுக்கு மாலை என்றால் மரியாதை, பிஷப் வந்தால்கூட மாலை போட்டுத்தான் கூட்டி வருவோம். இந்துக்கள் வீட்டு வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்? நல்ல பதில்தான். ஆனால் நான் பிறந்ததே இந்த லயத்தில் என்பதும், இங்கே செத்த பாதிப் பேருக்கு அந்த மாலையை ஒட்டிக் கொடுத்தது நான்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால் அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அல்பத்தைப் பிரித்த அன்று கணபதியின் காம்பராவில் நிற்க இடமில்லை. பெரியாயி முதல் பக்கத்தைத் திருப்பியதும் மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, வெளக்க வச்சிட்டாங்களே தாயி." கணபதி அழவில்லை. என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டான்.

"மலரக்கா, ஒங்களுக்கு நிச்சயமா தெரியுமா? தெரியாம போட மாட்டீங்களே நீங்க."

"மனச தேத்திக்கங்க தம்பி" என்றேன்.

தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. அவன் மொட்டையடித்துக் கருமாதி செய்தான். யசோதினி அந்தப் பிரேமை மட்டும் பெரிதாக அடித்துத் தரச் சொல்லி சுவரில் மாட்டினாள். பள்ளிக்கூடம் போகுமுன் அதற்குப் பூ வைப்பாள். நான் அந்த வழியாகப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போவேன். அடுத்த வருஷம் பெரியாயி லுணுகலையிலிருந்து ஜீவராணியைத் தம்பிக்குப் பேசி முடித்தாள். "வயசுக்கு வந்த புள்ள இருக்கிற வீட்டுல பொம்பள ஆளு வேணும்ல?" கோயிலில் தாலியை எடுத்துக் கொடுத்தது நீங்கள்தான். அந்த அல்பமும் நான்தான் செய்தேன்.

போன கிழமை விஜயா ஹாலிஎலயில் பஸ் இறங்கி, பையோடு நடந்தே ஏறி வந்தாள். சுவரைப் பார்த்து, "எனக்கு யாரு பூ வைக்கிறது?" என்று கேட்டாளாம். யசோதினி அவளுடைய காலையே பார்த்தாளாம், தரையில் படுகிறதா என்று. இதை ஜன்னல் பக்கம் நின்ற ஆட்கள் சொல்லித்தான் நான் அறிந்தேன். முதல்முறையாக அந்த வீட்டு ஜன்னலுக்கு நான் போகவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விஜயாவிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது.

நான் செய்து கொடுக்கிற ஒவ்வொரு படத்தின் பின்னாலும் என் நம்பர் இருக்கும், விளம்பரத்துக்கு. சவூதியில் அவள் வேலை செய்த வீட்டு முதலாளியம்மா அவளுடைய போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாளாம். தப்பி வெளியே வந்தபோது அவள் கையில் இருந்த ஒரே நம்பர் அதுதான். வேறொருத்தியின் போனிலிருந்து பேசியிருந்தாள். "அக்கா, நான் விஜயா. அந்த வீட்டவுட்டு ஓடியாந்துட்டேன். இப்ப நல்ல எடத்துல இருக்கேன். பாஸ்போட் கெடச்சதும் வந்துருவேன். அவர்கிட்ட சொல்லுங்க. புள்ளகிட்ட முதல்ல சொல்லுங்க அக்கா."

அந்தக் குரலைக் கேட்டபோது என் முன்னால் சடங்கு அல்பம் திறந்திருந்தது. விஜயாவைப் பாதி வெட்டியிருந்தேன். பிரேம் இன்னும் போடவில்லை.

அப்போதே எழுந்து நாலு வாசல் தாண்டிப் போயிருந்தால் போதும். போகவில்லை. பீலியில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. "மலரு சொன்னா சரியா இருக்குமாம்ல" என்று பெரியாயி வாயைப் பொத்திச் சிரிப்பாள். இதற்காகவா என்று கேட்காதீர்கள். இதற்காகத்தான். அல்பம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு கருமாதி முடியட்டும் என்று நினைத்தேன். மொட்டையடித்தவனிடம் போய் எப்படிச் சொல்வது?

அவளைப் பதிலுக்குக் காத்திருக்க வைக்க மனசு வரவில்லை. அதனால் பதில் போட்டேன். கணபதியின் போன் தொலைந்துவிட்டது, எது வேண்டுமானாலும் எனக்கே அனுப்பு, நான் சொல்கிறேன் என்று எழுதினேன். நம்பினாள். பேப்பர் வேலை இழுத்துக்கொண்டே போனது. மாதாமாதம் ஒரே கேள்விதான். "புள்ள படம் ஒன்னு அனுப்புங்க அக்கா. எல்லாரும் சேந்து நிக்கிற மாதிரி."

ஒருநாள் அனுப்பினேன். கணபதி வேட்டி சட்டையில், யசோதினி பட்டுப்பாவாடையில், நடுவில் விஜயா. வெயிலெல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. நான் செய்ததிலேயே நல்ல பக்கம் அதுதான். பார்த்துவிட்டு, "என்ன விசேசம் அக்கா? புள்ள என்னையப் பாத்துச் சிரிக்கிறாளே" என்று கேட்டாள். "பொங்கலுக்கு எடுத்தது, நீ இல்லாம நல்லா இருக்காதுன்னு ஒன்னையும் சேத்துட்டோம்" என்றேன். அன்றைக்கு ஒரு மனுஷியைச் சந்தோஷப்படுத்திய நிம்மதியில் தூங்கினேன், தலைவரே. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் அதை அங்கே ஒரு கடையில் அச்சடித்து எடுத்து வந்திருக்கிறாள். உங்கள் வீட்டில்தானே தங்கியிருக்கிறாள். அந்தப் பைக்குள்தான் இருக்க வேண்டும். "எது பொய்யா இருந்தாலும் படத்துல எம் புள்ள என்னையப் பாத்துச் சிரிச்சிச்சு" என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொன்னாளாம். நாளைக்கு ஜீவராணி அவளைப் பார்த்துப் பேச வருகிறாள் என்றும் கேள்விப்பட்டேன்.

என்னைப் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்பதானாலும் கேளுங்கள், வருகிறேன். நீங்கள் ஒன்று மட்டும் செய்ய வேண்டும். ஜீவராணி வருவதற்கு முன் அந்தப் படத்தை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். அது பொங்கல் இல்லை. பிள்ளை சிரித்தது சின்னம்மாவைப் பார்த்து. அவசரத்தில் நான் மாலைகளை எடுத்தேன், முகத்தை மட்டும் மாற்றினேன். கழுத்துக்குக் கீழே இருக்கிற கூறைச்சேலையும், நீங்கள் எடுத்துக் கொடுத்த தாலியும் ஜீவராணியுடையவை.