ஊதா வெளிச்சத்தில் புளிச்சகீரை

ஷார்ஜா தொழில்பேட்டை பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் ஒரே கம்பெனிச் சட்டையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இளையவர் சொன்னதைக் கேட்டதும் என் காது தானாக அந்தப் பக்கம் போய்விட்டது.

"கஞ்சா வளக்குறேன்னு, எங்க லேபர் கேம்ப்பைப் பாத்துக்குற கேம்ப் பாஸ் என் ரூமுக்கே வந்துட்டாருண்ணே."

"அடப்பாவி! என்னடா வளத்த?"

"புளிச்சகீரைண்ணே. வெளிய வெயில்ல கருகிரும்னு, பெயிண்ட் வாளியில விதை போட்டு, செடி வளக்குற ஊதா லைட்டை அடுக்குக் கட்டிலோட மேல் கம்பியில கட்டினேன். நாத்தெல்லாம் நூலா நீண்டு சாஞ்சிருச்சு. வெளிச்சம் எட்டத்துல இருந்திருக்கு. இறக்கிக் கட்டினேன் பாருங்க, தண்டு தடிச்சு, இலை விரல் விரலா விரிஞ்சிருச்சு!"

"அந்த இலை கஞ்சா மாதிரியேதானடா இருக்கும்."

"அதான் வினை. ஜன்னல்ல ஊதா வெளிச்சம், உள்ள அந்த இலை. போலீசைக் கூப்பிட போனை எடுத்துட்டாரு."

"பிடுங்கி எறிஞ்சிருக்கலாம்ல?"

"எதுக்கு எறியணும்? நான் வளத்த செடிண்ணே! 'பாய், ஏக் மினிட்'னு ஒரு இலையைப் பறிச்சு நானே மென்னேன். இன்னொண்ணை அவருகிட்ட நீட்டினேன்."

"தின்னாரா?"

"மோந்து பாத்துட்டு மென்னாரு. புளிப்புல ஒரு கண்ணு மூடிக்கிச்சு."

"அப்புறம்?"

இளையவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"போனைப் பையில போட்டுட்டு, அவரே குனிஞ்சு இன்னொரு இலையைப் பறிச்சாருண்ணே."