சாப்பு அடிக்காத மாய உலகம்

“பாஸ்போர்ட்ல சாப்பு அடிக்காம எப்படி உள்ள போனாங்க?”

விடிகாலை, மலேசிய எல்லையில் ஜொகூர் பாரு குடிநுழைவு வரிசை. எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தம்பியும்; கேட்டவன் தம்பி. இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை; தினமும் போய்த் திரும்புகிறவர்கள். அக்கா கையில் ஒரு சிறுவர் நாவல்.

“மாய உலகம்டா! கிணத்துக்குள்ள ஒரு கதவு, அக்காவும் தம்பியும் அதைத் தள்ளிட்டு உள்ள போயிடுறாங்க.”

“அலமாக், க்யூகூட இல்லியா? நம்பவே முடியல லா.”

முத்திரை இல்லாமல் எப்படி என்று எனக்கும் அதே சந்தேகம்தான்.

“சரி, கடைசியில?” என்றான் தம்பி.

“அக்கா அங்கேயே தங்கிடுறா. தம்பி மட்டும் வீட்டுக்கு வர்றான்.”

வரிசை நகர்ந்தது. தம்பி நகரவில்லை.

“சிங்கப்பூர்ல ரூம் பாத்துட்டியா?”

அக்கா புத்தகத்தை மூடினாள். “ம்.”

“அம்மாகிட்ட நீயே சொல்லு. சொல்றப்ப நான் அந்தக் கிணத்துக்குள்ள இருக்கேன்.”