மூன்று ஆள் படகு

கொஜபெக்: இன்னும் எவ்ளோ நேரம் படகைத் தட்டித் தட்டிப் பாப்பீங்க அண்ணே? பல்லைப் பிடிச்சுப் பாக்க இதென்ன குதிரைச் சந்தையா? அதுக்குள்ள ஆரல் கடல்ல மிச்சம் இருக்குற தண்ணியும் வத்திடும்.

எசென்கெல்தி: சின்னப் படகே போதும். எழுதிக்க.

உல்போசின்: எழுதாத கொஜபெக். பெரிய படகுதான்.

கொஜபெக்: ஆகா! அண்ணி கரைக்கு வந்தாச்சு, இனி அண்ணன் வாயைத் திறந்த மாதிரிதான்!

எசென்கெல்தி: உனக்கென்னடா... படகுக் கொட்டகைல டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவன்.

கொஜபெக்: ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கச் சொல்லி மீனவர் சங்கத்துல சொல்லிட்டாங்க. மத்தது சாயங்காலமே அடுத்த ஊருக்குப் போயிடும். சீக்கிரம்!

உல்போசின்: பெரியதுன்னு சொல்றேன்ல.

கொஜபெக்: அதுக்கு மூணு ஆள் வேணும் அண்ணி. அண்ணன் ஒண்ணு, நீங்க வலை இழுத்தா ரெண்டு, மூணாவது...

உல்போசின்: ஏன் நிறுத்திட்ட? சொல்லு.

கொஜபெக்: இல்ல... கொட்டகைல அடுப்பு எரியுது. பாத்துட்டு வந்துடறேன்.

உல்போசின்: மூணாவது நம்ம மைர்பெக். பெத்த பிள்ளை பேரைச் சொல்ல ஊர்ல ஒருத்தனுக்கும் நாக்கு வரல.

எசென்கெல்தி: அவனை விடு. கடல் எங்க கிடக்குதுன்னு பாரு. போன வருஷம் இங்க இடுப்பளவு தண்ணி. பெரியதை எதுல மிதக்க விடப்போற? உன் டீச் சட்டிலயா?

உல்போசின்: கடல் வரைக்கும் கால்வாய் தோண்டுறாங்கல்ல?

எசென்கெல்தி: தோண்டுறாங்க. கடல் அதைவிட வேகமா ஓடுது.

உல்போசின்: ஓடட்டும். ஒரு தடவை மிதந்தா போதும்.

எசென்கெல்தி: ஒரு தடவையா? பைத்தியமா உனக்கு? சின்னதுன்னா நாணல் ஓரமாவே வலை போடலாம். நம்ம ரெண்டு வயித்துக்குக் கெண்டை...

உல்போசின்: மூணு.

எசென்கெல்தி: ...சரி. மூணு.

உல்போசின்: புயல் அடிச்ச அன்னைக்கு வேற படகுக்காரங்க அவனை அக்கரைல ஏத்தி விட்டிருப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?

எசென்கெல்தி: சொன்னேன்.

உல்போசின்: ஊர் ஊராத் தேடுறேன்னீங்க.

எசென்கெல்தி: சொன்னேன்டி... போதும். காத்து அடிக்குது, வீட்டுக்கு வா.

உல்போசின்: என் முகத்தைப் பாருங்க. பெரிய படகு ஏன் வேணாம்?

எசென்கெல்தி: அதான், தண்ணி...

உல்போசின்: தண்ணி இல்ல.

எசென்கெல்தி: ...அதுல ஏறினா ஆழத்துக்குப் போகணும். தீவுப் பக்கம் போகணும். என்னால முடியாது, உல்போசின். ஏன்னு கேக்காத.

உல்போசின்: கேக்கல. பனி உருகினப்ப அடுத்தவன் படகை வாங்கிக்கிட்டு தனியா அங்க போனீங்க. ஆட்டுத்தோல் கோட்டு இல்லாம நடுங்கிக்கிட்டே வந்தீங்க. தண்ணில விழுந்துடுச்சுன்னீங்க. நகக்கண்ணெல்லாம் மணல்.

எசென்கெல்தி: உனக்கு... அன்னைக்கேவா?

உல்போசின்: அன்னைக்கே. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.

எசென்கெல்தி: அவனைக் கோட்டுல சுத்தித்தான் வச்சேன். குளிராதுல்ல... அந்த முகத்தை நீ பாக்க வேணாம்னு தோணுச்சு. எனக்குத் தெரிஞ்ச துவாவெல்லாம் சொன்னேன். பாதி மறந்து போச்சு. கைதான் தோண்டிக்கிட்டே இருந்துச்சு... இப்பச் சொல்லு. எந்தப் படகு வேணும் உனக்கு?

உல்போசின்: சின்னப் படகு அந்தத் தீவு வரைக்கும் போகாதுங்க.