பெரியவர் ஆறும் நேரம்

தலைமை வகிக்கும் அதிபர் அவர்களே, மேடையிலிருக்கும் ஆசிரியர்களே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாரே, மூதூரில் கராஜைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் ஸப்வான் நானா அவர்களே, பெற்றோரே, தோழர் தோழியரே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் கனகம்மா மாமி அவர்களே, உயர்தர வகுப்பு மாணவி கௌசிகாவின் வணக்கம்.

எங்கள் பாடசாலை வாகனச் சாரதி அமரர் பாக்கியரத்தினம் அவர்களைப் பற்றிப் பேசும்படி என்னிடம் சொன்னார்கள். எழுதிப் பார்த்தேன். ‘அமரர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவருடைய பெயரை எழுதக் கை வரவில்லை. ஆகவே நாங்கள் கூப்பிட்டபடியே பாக்கியம் மாமா என்றே சொல்லப்போகிறேன். பெரியோர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சம்பூருக்கு அப்பால் இருக்கும் எங்கள் குடியிருப்புப் பாதை உங்களுக்குத் தெரியும். கோடையில் சில்லுப் புதையும் மணல். மாரியில் பாதை எது, குளம் எது என்று தெரியாது. அந்தப் பாதையில் பஸ் வராது. முச்சக்கர வண்டி பாதி வழியில் திரும்பிவிடும். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் வாகனம் ஒன்றுதான் வரும். மீள்குடியேற்றக் காலத்தில் வேலை செய்த ஒரு நிறுவனம், ஊரைவிட்டுப் போகும்போது எங்கள் பாடசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போன டீசல் ஜீப் அது. கொடுக்கும்போதே அது பழசு. அதை இத்தனை வருடம் ஓட வைத்தவர் யார்? எங்களைப் பத்தாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும் தாண்ட வைத்தவர் யார்? பாக்கியம் மாமா அல்லவா?

அந்த ஜீப்பை அவர் ‘பெரியவர்’ என்றுதான் சொல்வார். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அக்சிலேட்டரை மிதிக்க மாட்டார். “பெரியவர் இப்பதான் எழும்பியிருக்கிறார், பிடரியில தட்டி ஓடு எண்டு சொல்லலாமோ?” என்பார். டீசல் பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுவார். புழுதி நாட்களில் காற்று பில்டரைக் கழற்றித் தட்டுவார். கடற்கரைப் பக்கம் போய் வந்தால், உப்புப் பிடிக்காமல் அடித்தட்டை நல்ல தண்ணீரால் கழுவுவார். ஒயில் மாற்ற வேண்டிய நாள் வந்தால் கல்யாணவீடு இருந்தாலும் மூதூருக்குப் போய்விடுவார். அங்கே ஸப்வான் நானா ஒருமுறை சொன்னதை நாங்கள் பின்னாலிருந்து கேட்டுச் சிரித்தோம்.

“அண்ணை, இந்த எஞ்சின் மௌத்தாகி எத்தினையோ வருசம். செத்திட்டாய் எண்டு நீங்க இன்னும் அதுக்குச் சொல்லேல்ல, அதான் ஓடுது.”

“மெல்லக் கதை தம்பி. அவருக்குக் காது கேக்கும்.”

எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். டீசல் இல்லை. எங்கள் ஊரில் மீன்பிடிக்கும் தனஞ்சயன் அண்ணா இரண்டு கான் மண்ணெண்ணெயோடு வந்தார். அவர் இப்போது இந்த மண்டபத்தின் கடைசிக் கதிரையில் இருக்கிறார்.

“அண்ணை, இதை ஊத்திப்போட்டு ஓடுங்கோ. எல்லாரும் இப்பிடித்தான் ஓடுறாங்கள்.”

“ஓடட்டும். இதில வழுவழுப்பு இல்லை. பெரியவருக்குப் பம்ப் தேய்ஞ்சு போனா மாத்தச் சாமான் எங்க இருக்கு?”

“அப்ப பிள்ளையள்?”

“பிள்ளையளுக்குக் கால் இருக்கு. எனக்கும் இருக்கு.”

அடுத்த நாள் தொடங்கி அவர் எங்களோடு நடந்தார். காட்டு யானை வந்தால் விரட்ட ஒரு தடியும், சின்னப் பிள்ளைகளின் புத்தகப் பைகளும் அவர் தோளில். வழியில் தனஞ்சயன் அண்ணா விடவில்லை. “ஜீப் றைவர் இப்ப மாடு சாய்க்கிறார்” என்று, அவர் எங்களை மந்தைபோல் ஓட்டிப் போவதைப் பார்த்துக் கத்தினார். மாமா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “மாடெண்டாலும் சொல்லுக் கேக்கும். இதுகளை ஒருக்கா நீ சாய்ச்சுப் பார்.” டீசல் திரும்ப வந்தபோது பெரியவர் முதல் முறுக்கிலேயே ஸ்டார்ட் ஆனார். அன்று மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தால் நான் இன்று உயர்தர வகுப்பு மாணவி என்று சொல்லிக்கொண்டு உங்கள் முன் நின்றிருப்பேனா?

இனிச் சொல்லப்போவது எனக்குக் கடினமானது. ஆனால் சொல்லாமல் இறங்க என்னால் ஏலாது.

பாடசாலை வாசலுக்கு வந்ததும் மாமா எஞ்சினை உடனே நிறுத்த மாட்டார். கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிடுவார். நூலகத்தில் இருந்த எஞ்சின் பற்றிய புத்தகத்தில் அதற்குக் காரணம் படித்தேன். புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை ஊட்டும் டேர்போ, மணலில் இழுத்து வந்த பிறகு கொதித்துப் போயிருக்குமாம். சட்டென்று நிறுத்தினால் அதற்கு ஒயில் போவதும் நின்றுவிடும். சூட்டில் ஒயில் கருகும், டேர்போ தேயும். மாமா இதைப் “பெரியவர் ஆறட்டும்” என்ற இரண்டு சொல்லில் சொல்வார். ஆறும் நேரத்தில் யாரும் கதைக்கக் கூடாது, இறங்கவும் கூடாது. தலையைச் சுக்கான் பக்கம் சாய்த்து, புதிதாய் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் எங்களுக்குப் போட்ட ஒரே சட்டம் அதுதான். நாங்கள் அதை ஒரு நாளும் மீறியதில்லை.

போன வாரமும் வாசலில் வந்து நின்றோம். எஞ்சின் ஓடியது. மாமா தலையைச் சாய்த்தார். நாங்கள் பேசாமல் இருந்தோம்.

காலை மணி அடித்தது. பேசாமல் இருந்தோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என் காதுக்குள், “அக்கா, மாமா நித்திரையோ?” என்று கேட்டது. “உஸ்” என்றேன். “மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார்.”

பிந்திவிட்டோம் என்று ஏசுவதற்கு வந்த அதிபர்தான் கதவைத் திறந்தார்.

எங்களால் எதுவும் செய்திருக்க முடியாது, அது ஒரு கணத்தில் நடந்தது என்று டொக்டர் சொன்னார். அவர் நல்லவர். அதை நம்ப நாங்கள் ஒவ்வொரு நாளும் முயல்கிறோம். மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை. பின்னேரம் ஸப்வான் நானா வந்து, கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

நெஞ்சு நோவு என்று அவர் தன் மனைவி கனகம்மா மாமியிடம் முன்பே சொல்லியிருந்தாராம். கிளினிக்குக்குப் போங்கோ என்று மாமி மன்றாடியிருக்கிறார். “சாதாரண தரப் பிள்ளையளின்ர சோதினை முடியட்டும். பெரியவரையும் என்னையும் ஒரே நாளில கராஜில விடுவம்” என்று சிரித்தாராம். ஒரு பில்டரைக்கூட அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடாத மனிதர், தன் நெஞ்சை மட்டும் தள்ளிப்போட்டுவிட்டாரே!

சபையோரே, அன்றிலிருந்து பெரியவர் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறார். அதைக் கண்டாலே சின்னப் பிள்ளைகள் அழுகிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் ஐந்து பேரைப் பெற்றோர் பாடசாலைக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். கந்தளாயிலிருந்து ஒருவர் வந்து, துண்டு துண்டாக விற்பதற்கு ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். இந்தக் கூட்டம் முடிந்ததும் சங்கத்தார் முடிவெடுக்கப் போகிறார்கள். அதைத் துண்டாக்கினால் துண்டாவது இரும்பு மட்டும்தானா?

ஓட்டுவதற்கு ஆள் இருக்கிறார். தனஞ்சயன் அண்ணா நேற்று எங்கள் வீட்டுக்கு வந்து, “இதுகளை நான் சாய்ச்சுப் பாக்கிறன் பிள்ளை. ஆனா திறப்பு மாமியிட்ட இருக்கு. கேக்க எனக்கு வாய் வராது” என்றார். எனக்கும் வரவில்லை. ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

மாமி, அந்த வாகனத்தின் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னதை அறிவோம். உங்களுக்கு அந்த உரிமை உண்டு. நாங்கள் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறோம். தண்ணீர் திறந்துவிடுவோம், பில்டர் தட்டுவோம், உப்புக் கழுவுவோம், வாசலில் ஆறவும் விடுவோம். ஆனால் அவருடைய சட்டத்தை நாங்கள் மாற்றிவிட்டோம். பாக்கியம் மாமா எங்களை மன்னிக்கட்டும். இனி அந்த நேரத்தில் ஒருவரும் பேசாமல் இருக்க மாட்டோம். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை முன்னுக்கு எட்டி, றைவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கும்: “அண்ணா, நெஞ்சு சுகமோ?” அவர் வாய் திறந்து பதில் சொன்ன பிறகுதான் இறங்குவோம்.

பாக்கியம் மாமா இனியாவது ஆறியிருக்கட்டும்.

மாமி, திறப்பைத் தாங்கோ. கன நாள் நிண்டா பற்றறி இறங்கிப் போயிடும்.