கப்பல் கடிகாரத்தின் பொடி

கடிகாரம் வாங்க வந்து, நேரம் சரியாகக் காட்டுமா என்று கேட்பவன் புது ஆள். அவன் தலையில் எதையும் கட்டிவிடலாம். விவரமானவன் முகப்பைத்தான் பார்ப்பான், பழைய பூச்சு அப்படியே இருக்கிறதா என்று. கடைவீதியில் வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியும் இன்ஸ்பெக்டர் ஐயா.

நான் சேர்த்தவை எல்லாம் யுத்த காலத்தில் போர்க்கப்பல்களில் ஓடியவை. பித்தளைக் கூடு, இருட்டில் தெரிவதற்காக எண்களிலும் முட்களிலும் ரேடியம் பூச்சு. வயதானால் அது ஒளிராது, பொடியாக உதிரும். புதிதாகப் பூசினால் கடிகாரம் சேர்க்கும் எங்கள் ஆட்களில் ஒருத்தன்கூட மதிக்க மாட்டான். உதிர்ந்ததையே கூட்டியெடுத்து, பசையில் குழைத்து, அதே இடத்தில் வைக்க வேண்டும். என் கை நடுங்கும். மனைவியின் கை அசையாது.

தூரிகையின் முனை கூராக நிற்க, அவள் அதை உதட்டில் வைத்து இழுப்பாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஏங்க, ரொம்பக் கசக்குதே?"

"பழைய பெயிண்ட் பின்ன இனிக்குமா?"

"உங்க வாய் இருக்கே, உப்பைக்கூட சக்கரைன்னு வித்துடும்" என்று சிரித்தாள்.

ஒளி செத்தாலும் ரேடியத்தின் விஷம் சாகாது. தெரியாமலா அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டேன்? எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருந்தேன். அவள் என்னிடம் பேரம் பேசியதே கிடையாது.

முதலில் பல் ஆடியது. பிறகு தாடை வீங்கியது. "என்ன வேலைம்மா பாக்கறீங்க?" என்று பல் டாக்டர் கேட்டார். "வீட்டு வேலைதான்" என்று நான் முந்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே தூரிகையைக் கீழே வைத்திருப்பாள். என் நிலைமையையும் பாருங்கள் ஐயா. மூடிய கண்ணாடிக்குள்ளேயே பொடி உதிர்ந்துகொண்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. கடிகாரங்களைக் காப்பாற்ற எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

அவள் படுக்கையில் விழுந்த பிறகும் தலையணையை நிமிர்த்தி, கடிகாரத்தை அவள் மடியில் வைத்தேன்.

"இன்னிக்கு வேணாங்க, வலி உயிர் போகுது."

"இந்த ஒரு முள்ளு மட்டும்மா" என்று கெஞ்சினேன். அழுதுவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். முடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை.

கொன்றது நான்தானா என்கிறீர்கள். நான்தான். தெரிந்தேதான். கையெழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கடிகாரம் மட்டும் பாதியில் நிற்கிறது. நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறாரே அந்த அம்மா, அவருக்குக் கை எவ்வளவு நிதானம். ஒரே ஒரு மத்தியானம் அவரை என் வீட்டுக்கு அனுப்ப முடியுமா?