புல்லை அளந்தவனும் சேற்றை அளந்தவரும்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் நெடுஞ்செழியன் அவர்களே, மனைவியை இழந்து நிற்கும் மாரிசாமி ஐயா அவர்களே, மகள் கயல், இந்தப் பார்சிப்பனி ஊர் வரை அஞ்சலி செலுத்த வந்திருக்கும் நண்பர்களே! வணக்கம் என்ற சொல்லே இன்று வாயில் வர மறுக்கிறது.

முனைவர் தனபாக்கியம் அம்மையார்! இருபத்திரண்டு ஆண்டுகள் நியூஜெர்சிக் கடலோரச் சதுப்பு நிலத்தை அளந்தவர். ஆழமாக அடித்து நிறுத்திய பன்னிரண்டு இரும்புக் கம்பிகள். ஒவ்வோர் அக்டோபரிலும் புல்லைக் கையால் விலக்கி, கம்பியின் உச்சியிலிருந்து சேறு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்ப்பார். யார் செய்வார்கள் இந்த வேலையை?

நான் செய்யவில்லை. அதே நிலத்தை அளக்க வந்த நான் ட்ரோன் பறக்கவிட்டேன். ஒரே மதியத்தில் மொத்த நிலத்தையும் அளந்து, "நிலம் உயர்கிறது" என்று அறிக்கை எழுதினேன்.

மீட்டிங்கில் அவர் சொன்னார்: "வெங்கடாசலம், உங்க ட்ரோன் புல்லோட தலையத்தானுங்க பாத்துருக்குது. கீழ சேறு எறங்கிட்டே இருக்குதுங்க. ஒருக்கா கையால செக் பண்ணிப் பாருங்க."

"மேடம், இன்னுமா ஸ்கேல் வச்சு அளக்கறீங்க!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாவி நான்! அந்த அறிக்கையை நம்பித்தான் கரையை உயர்த்தும் திட்டத்தைக் கைவிட்டார்கள். அவருடைய ஆய்வையும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் அவர் அக்டோபர் தவறாமல் தானாகவே போய் அளந்தார்.

போன அக்டோபரில் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து போன் செய்தார். "இந்த வருச அளவு விட்டுப் போயிரக் கூடாதுங்க. நீங்க போறீங்களா?"

போனேன். புல்லை விலக்கிக் கையை விட்டேன். முழங்கை வரை தண்ணீர். சேறு அவர் சொன்னதற்கும் கீழே கிடந்தது. பன்னிரண்டு கம்பியிலும் அதே கதை.

ஈர உடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "மேடம், நீங்க சொன்னதுதான் சரி, என்னை மன்னிச்சிடுங்க" என்று காதருகே சொன்னேன். கயல் என் தோளைத் தொட்டு, "அங்கிள், ஷீ கான்ட் ஹியர் யூ" என்றாள்.

அவருக்குக் கேட்காததை உங்களிடம் சொல்கிறேன். தவறு என்னுடையது. திருத்திய அறிக்கையை அனுப்பிவிட்டேன். இதுவரை பதில் இல்லை. திட்டம் திரும்பி வரும் என்று உங்களுக்கு வாக்குத் தர என்னால் முடியாது. அவருடைய ஸ்கேலைக் கயல் என்னிடம் கொடுத்திருக்கிறாள். அந்தக் கம்பிகள் முழுகும் வரை ஒவ்வோர் அக்டோபரிலும் போய் அளப்பேன். அந்த ஒன்றுக்குத்தான் உறுதி சொல்ல முடியும்.

மேடம், இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறை நீங்கள் தப்பாக அளந்திருக்கக் கூடாதா?